கஜக் கணக்கு பொய் சொல்லும்!

2012 டிசம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. மின்னியாபொலிஸ் நகரில் அப்போது இருந்த மெட்ரோடோம் அரங்கம். மின்னஸோட்டா வைகிங்ஸ் கோஷ்டியும் கிரீன் பே பாக்கர்ஸ் கோஷ்டியும் 34-க்கு 34 என்று சமமாக நிற்கின்றன. ஆட்டம் முடியச் சில விநாடிகளே பாக்கி. வைகிங்ஸின் உதைப்பாளர் பிளேர் வால்ஷ் 29 கஜ தூரத்திலிருந்து பந்தை உதைத்தார். பந்து இரு கம்பங்களுக்கும் நடுவே பறந்தது. அத்துடன் நேரமும் முடிந்தது. 37-34 என்று வைகிங்ஸுக்கு ஜெயம்.

அந்த உதையினால் உத்தியோகம் போனது சிகாகோவில் இருந்த ஒருவருக்கு!

சிகாகோ பேர்ஸ் கோஷ்டியின் பயிற்சியாளர் லவீ ஸ்மித்தான் அவர். அன்று மதியம் அவருடைய கோஷ்டி டெட்ராயிட் லயன்ஸை 26-24 என்று ஜெயித்துவிட்டு, மின்னியாபொலிஸில் என்ன நடக்கிறது என்று காத்திருந்தது. வைகிங்ஸ் தோற்றால் பேர்ஸுக்கு இடம் உண்டு, ஜெயித்தால் இல்லை. வைகிங்ஸ் ஜெயித்தது. இரு கோஷ்டிகளுக்கும் 10 ஜெயம், 6 தோல்வி. சொந்தப் பிரிவுக்குள் நடந்த ஆட்டங்களில் வைகிங்ஸுக்கு ஒரு ஜெயம் கூடுதல் என்பதால் இடம் அதற்கே போயிற்று. மறுநாள் ஸ்மித்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது பருவங்கள் பயிற்சி அளித்து, 81 ஆட்டங்களில் ஜெயித்து, 2006-ஆம் ஆண்டுப் பருவத்தில் கோஷ்டியை இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை அழைத்துச் சென்றவர் அவர்.

போகட்டும், அந்த ஆண்டு இரண்டில் எது உயர்ந்த கோஷ்டி? பருவம் முழுவதும் வைகிங்ஸ் எடுத்த பாயிண்டுகள் 379, கொடுத்தவை 348. வித்தியாசம் 31. பேர்ஸ் எடுத்தவை 375, கொடுத்தவை 277. வித்தியாசம் 98! இரண்டும் நேருக்கு நேர் மோதிய இரு ஆட்டங்களில் பேர்ஸ் 28-10 என்று ஒன்றை ஜெயித்தது. மற்றதில் 21-14 என்று தோற்றது. பிரிவில் முதலிடம் பெற்ற பாக்கர்ஸின் வித்தியாசம்கூட 97-தான். (அந்தப் பாக்கர்ஸிடம் பேர்ஸ் இரண்டு முறையும் தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.)

எந்தக் கோஷ்டி மேலே போகும் என்று முன்கூட்டியே சொல்ல எந்தக் கணக்கைப் பார்ப்பது? அமெரிக்காவில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எழும் சச்சரவு இது. வீரனின் ஓட்டத்தைப் பார் என்பார் ஒருவர். வீச்சைப் பார் என்பார் இன்னொருவர். பந்தைப் பறிகொடுக்காதவனே பாக்கியவான் என்பார் மூன்றாமவர். இவர்களில் யார் சொல்வதில் எவ்வளவு சரக்கு இருக்கிறது?

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கப் புட்பால் என்பது உலகமறிந்த கால்பந்து அல்ல. பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூராக, நீள்வட்டமாக இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம்; முன்னே நிற்கும் தோழனுக்கு வீசலாம். பக்கத்துக்குப் 11 பேர். மைதானம் 100 கஜம். நாலு முயற்சிக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரிக்கு. எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 பாயிண்டு. அதையொட்டிய உதைக்கு மேலும் 1. தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவில் உதைத்து அனுப்பினால் 3.

தேசிய புட்பால் லீகில் கோஷ்டிகள் 32. நாலு நாலாக எட்டுப் பிரிவுகள். பருவ முடிவில் நடக்கும் 'பிளே-ஆப்' பந்தயங்களுக்குப் போவதுதான் எல்லோருடைய கனவும். அவற்றில் தோற்றவர் அன்றே வெளியே. 2012-இல் பருவத்துக்கு 16 ஆட்டங்கள். மேலே போகிறவர் 12 பேர். 2020 முதல் 14 பேர். 2021 முதல் 17 ஆட்டங்கள். பிரிவில் முதலாக வந்த எட்டுப் பேருக்கு இடம் நிச்சயம். மிச்ச இடங்களுக்குத்தான் அடிதடி.

பேஸ்பாலில் ஒரு கோஷ்டி பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதிர்ஷ்டம் ஒரு நாள் கொடுத்ததை இன்னொரு நாள் பிடுங்கிக்கொள்ள அங்கே அவகாசம் உண்டு. 16, 17 ஆட்டங்களில் அது ஏது? ஒரே ஒரு உதை ஒரு மனிதருடைய உத்தியோகத்தைத் தீர்மானிப்பது இதனால்தான். இதே பிளேர் வால்ஷ் 2016 ஜனவரியில், கடுங்குளிரில், ஸியாட்டில் ஸீஹாக்ஸுக்கு எதிரான பிளே-ஆப் ஆட்டத்தில் 27 கஜ உதையைத் தவறவிட்டார். வைகிங்ஸ் 10-9 என்று தோற்றது. முந்தியதைவிட இரண்டு கஜம் கிட்டத்திலிருந்து உதைத்த உதை!

எல்லாவற்றிலும் முதல், ஆனாலும் வீட்டில்

லீக் தன் கோஷ்டிகளின் தாக்குதலையும் தடுப்பையும் வரிசைப்படுத்துவது கஜக் கணக்கில். அதிக கஜம் முன்னேறியவர் தாக்குதலில் முதல்வர். குறைந்த கஜம் விட்டுக்கொடுத்தவர் தடுப்பில் முதல்வர். தொலைக்காட்சியிலும் இதே பட்டியல்தான் ஓடுகிறது. இதை நம்புகிறவர்கள் 2010-ஆம் ஆண்டுப் பருவத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஸான் டியேகோ சார்ஜர்ஸ் (2017 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் ஆடும் அதே கோஷ்டி) தாக்குதலில் முதல் ஸ்தானம். தடுப்பிலும் முதல் ஸ்தானம். இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் 9 ஜெயம், 7 தோல்வியுடன் அது வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. 10 ஜெயம் பெற்ற கான்ஸஸ் ஸிட்டி சீப்ஸ் அந்தப் பிரிவைத் தட்டிக்கொண்டு போயிற்று.

கஜப் பட்டியலில் ஏறாத ஒரு ரகசியம் இருந்தது. பந்தை உதைத்து எதிரியிடம் அனுப்பும் வேளைகளில் சார்ஜர்ஸ் கோஷ்டி படு மோசம். பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சீப்ஸின் டெக்ஸ்டர் மக்ளஸ்டர் அப்படி வந்த பந்தைப் பிடித்து 94 கஜம் ஓடிப் பாயிண்டு எடுத்தார். ஆட்டம் 21-14 என்று கை நழுவியது. மூன்றாவது வாரம் ஸியாட்டிலில் லியான் வாஷிங்டன் என்பவர் 101 கஜம் ஒரு முறை, 99 கஜம் ஒரு முறை ஓடினார். அன்று சார்ஜர்ஸின் பிலிப் ரிவர்ஸ் 455 கஜத்துக்குப் பந்து வீசியும் 27-20 என்று தோல்விதான். ஓக்லண்டில் இரண்டு உதைகளை எதிரிகள் காலடியிலேயே தடுத்து, அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயிண்டாக்கினார்கள். அந்த ஆட்டம் 35-27. தாக்குதலில் முதல், தடுப்பில் முதல் என்ற பட்டத்தில் இந்த அவமானம் எதற்கும் இடமே இல்லை.

பாயிண்டுக் கணக்கில் மட்டும் எல்லாமே விழுந்துவிடும். அங்கே சார்ஜர்ஸ் எடுத்தவை 441, கொடுத்தவை 322. வித்தியாசம் 119. லீகில் ஐந்தாவது ஸ்தானம். சீப்ஸின் வித்தியாசம் வெறும் 40. இரு கோஷ்டிகளும் மீண்டும் மோதியபோது சார்ஜர்ஸ் 31-0 என்று ஜெயித்தது. (சீப்ஸின் முக்கிய வீச்சாளருக்கு அன்று குடல்வால் ஆபரேஷன் ஆகியிருந்தது, அதையும் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.)

இதே ஆண்டின் இன்னொரு கூத்து: ஸியாட்டில் ஸீஹாக்ஸ் 7 ஆட்டம் ஜெயித்து 9 ஆட்டம் தோற்றது. எடுத்ததைவிடக் கொடுத்த பாயிண்டுகள் 97 அதிகம். ஆனால் அதன் பிரிவில் மற்ற மூவரும் அதைவிடச் சோடை. ஆகவே பிரிவின் முதல்வர் என்ற பட்டத்துடன் அது மேலே போயிற்று. போதாததற்குச் சொந்த ஊரில் ஆடும் உரிமையும் கிடைத்தது. 11 ஆட்டம் ஜெயித்து வந்த முந்தைய ஆண்டுச் சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ் ஸெயின்ட்ஸை அந்த ஊரில் 41-36 என்று தோற்கடித்தும் விட்டது! அடுத்த வாரம் அதை 35-24 என்று வெளியே தள்ளியது யார் தெரியுமோ? லவீ ஸ்மித்தின் பேர்ஸ்.

அதே பருவத்தில் கடைசி இடத்துக்கு மூன்று கோஷ்டிகள் 10 ஜெயத்துடன் சமமாக நின்றன. பாக்கர்ஸின் வித்தியாசம் 148. நியூயார்க் ஜயன்ட்ஸின் வித்தியாசம் 47. டாம்பா பே பக்கனீர்ஸுக்கு 23. தோற்கடித்த எதிரிகளின் பலத்தை எடைபோடும் ஒரு விதியினால் பாக்கர்ஸுக்கு இடம் கிடைத்தது. அந்தக் கோஷ்டி தோற்ற ஆறு ஆட்டங்களில் ஒன்றில்கூட நாலு பாயிண்டுக்கு மேல் தோற்கவில்லை. கடைசியில் சூப்பர் பௌலில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31-25 என்று ஜெயித்துச் சாம்பியன் ஆனதும் அதே பாக்கர்ஸ்தான். ஸ்டீலர்ஸின் வித்தியாசம் 143. வித்தியாசப் பட்டியலில் இரண்டாவதும் மூன்றாவதுமாக இருந்தவர்கள் இறுதி ஆட்டத்தில் சந்தித்தார்கள். முதல்வரான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் இடையிலேயே நியூயார்க் ஜெட்ஸிடம் தோற்றுவிட்டது.

பாயிண்டு வித்தியாசத்தை ஜெயக் கணக்காக மாற்ற ஒரு சூத்திரமே இருக்கிறது. பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் என்பவர் கண்டுபிடித்தது. எடுத்ததன் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் வரும். டாரில் மோரி என்பவர் புட்பாலுக்கு ஏற்றபடி, வர்க்கத்துக்குப் பதில் 2.37 என்ற அடுக்கைப் போட்டார். அப்படிப் பார்த்தால் 2010-இல் சார்ஜர்ஸ் ஏறக்குறைய 11 ஆட்டங்களும், ஸீஹாக்ஸ் ஐந்து அல்லது ஆறும் ஜெயித்திருக்க வேண்டும். 2012-இல் பேர்ஸ் ஏறக்குறைய 11. வைகிங்ஸ் ஏறக்குறைய 9.

பருவத்தின் நடுவில் நின்று பார்க்கிறவருக்கு, கோஷ்டி இதுவரை எத்தனை ஜெயித்தது என்பதைவிட இந்த வித்தியாசமே வருவதைச் சரியாகச் சொல்கிறது. காரணம் எளிது. மூன்று பாயிண்டில் ஜெயிப்பதும் மூன்று பாயிண்டில் தோற்பதும் பெரும்பாலும் ஒரு உதை, ஒரு துள்ளல். முப்பது பாயிண்டில் ஜெயிப்பது அப்படி அல்ல.

ஓட்டமா, வீச்சா?

ஓட்டக் கட்சிக்காரர்களுக்கு 2012 வைகிங்ஸ்தான் பிரமாணம். ஏட்ரியன் பீட்டர்ஸன் அந்த ஆண்டு 2,097 கஜம் ஓடினார். கோஷ்டியும் மேலே போயிற்று. 2024-இல் ஸாக்வான் பார்க்லி 2,005 கஜம் ஓடினார். அவருடைய பிலடெல்பியா ஈகிள்ஸ் சாம்பியனாகவே ஆகிவிட்டது. சரிதான். ஆனால் 1973-இல் பபலோ பில்ஸ் கோஷ்டியின் ஓ. ஜே. ஸிம்ப்ஸன், வரலாற்றில் முதல் முறையாக 2,000 கஜத்தைத் தாண்டினார். கோஷ்டி 9 ஜெயம், 5 தோல்வியுடன் வெளியே நின்றது. (அந்நாளில் மேலே போகிறவர் எட்டே பேர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.) 2009-இல் டென்னஸி டைட்டன்ஸின் கிறிஸ் ஜான்ஸன் 2,006 கஜம் ஓடினார், கோஷ்டிக்கு 8 ஜெயம், 8 தோல்வி, இடம் இல்லை.

ஜெயித்த கோஷ்டிகள் அதிகம் ஓடியிருப்பது உண்மையே. ஆனால் ஓடியதால் ஜெயித்தார்களா, ஜெயித்துக்கொண்டிருந்ததால் ஓடினார்களா? பந்தை வீசித் தோழன் பிடிக்கத் தவறினால் கடிகாரம் நின்றுவிடும். ஓடி விழுந்தால் பெரும்பாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னணியில் இருப்பவன் நேரத்தைத் தின்பதற்காக ஓடுகிறான். பின்தங்கியவன் நேரத்தை மிச்சம் பிடிக்க வீசுகிறான். மழை பெய்தால் குடைகள் விரியும். குடை விரித்ததால் மழை வந்தது என்று வாதாடலாமோ?

வீச்சுக் கட்சியும் மொத்தக் கஜத்தை நம்பினால் இதே பள்ளத்தில்தான் விழும். 2012-இல் டெட்ராயிட் லயன்ஸின் மாத்யூ ஸ்டாபோர்டு 727 தடவை பந்தை வீசினார். அதுவரை யாரும் ஒரு பருவத்தில் அத்தனை தடவை வீசியதில்லை. மொத்தம் 4,967 கஜம். அந்த வீச்சுகளைப் பிடித்த கால்வின் ஜான்ஸன் 1,964 கஜம் என்று புதிய சாதனையே படைத்தார். கோஷ்டியின் கதி? 4 ஜெயம், 12 தோல்வி! நியூ ஆர்லியன்ஸில் டுரூ பிரீஸ் 2014, 2015, 2016 மூன்று பருவங்களிலும் மொத்த வீச்சில் லீகிலேயே முன்னணி. மூன்றிலும் கோஷ்டிக்கு 7 ஜெயம், 9 தோல்வி.

பார்க்க வேண்டியது எத்தனை கஜம் என்பதல்ல. ஒரு வீச்சுக்கு எத்தனை கஜம் என்பது. 1988-இல் பாப் கரோல், பீட் பால்மர், ஜான் தோர்ன் மூவரும் எழுதிய 'புட்பாலின் மறைந்த ஆட்டம்' என்ற பொருள்படும் புத்தகம் இதை நன்றாக நிறுவியது. வீசுமுன் எதிரியிடம் அகப்பட்டுப் பின்வாங்கிய கஜங்களைக் கழிக்க வேண்டும். எதிரி இடைமறித்துப் பிடித்த ஒவ்வொரு வீச்சுக்கும் 45 கஜம் கழிக்க வேண்டும் என்றார்கள். அப்படிக் கழித்த பிறகு, தன் கோஷ்டிக்கு ஒரு வீச்சுக்கு நிற்பதையும் எதிரிக்கு நிற்பதையும் ஒப்பிட்டால், பாயிண்டு வித்தியாசம் எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரிந்துவிடும். 2011-இல் பாக்கர்ஸ் கஜக் கணக்கில் தடுப்பில் 32-ஆவது, அதாவது கடைசி! ஆயினும் 16-இல் 15 ஆட்டம் ஜெயித்தது. ஆரன் ராட்ஜர்ஸின் வீச்சு அப்படி. 45 தடவை எல்லை தாண்ட வீசினார். எதிரி இடைமறித்தது ஆறே தடவை. எதிரிகளோ பின்தங்கிப் பின்தங்கி வீசிக்கொண்டே இருந்தார்கள்; கஜங்கள் சேர்ந்தன; அத்துடன் 31 வீச்சுகள் பாக்கர்ஸின் கையில் அகப்பட்டன.

கஜத்துக்கெல்லாம் ஒரே மதிப்பு இல்லை என்பதை இன்னும் முன்பே சொன்னவர் ஒரு விளையாட்டுக்காரர். வர்ஜில் கார்ட்டர் என்ற வீச்சாளரும், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ராபர்ட் மேக்கல் என்ற பேராசிரியரும் சேர்ந்து 1969-ஆம் ஆண்டு ஆட்டங்களை ஆராய்ந்து 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மைதானத்தின் எந்த இடத்தில் பந்து கிடைத்தால் சராசரியாக எத்தனை பாயிண்டு பெறும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். சொந்த எல்லைக் கோட்டுக்கு அருகில் கிடைத்த பந்தின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே! இன்று கோஷ்டிகள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கணக்கு நிபுணர்களின் வேலைக்கெல்லாம் அதுவே விதை.

பந்தைப் பறிகொடுக்கும் கணக்கோ முடிந்த ஆட்டத்தை விளக்குவதில் கெட்டிக்காரன். வரப்போகும் ஆட்டத்தைச் சொல்வதில் அசடு. கீழே விழுந்த கூர்முனைப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யார் கண்டது? அதை எந்தக் கோஷ்டி எடுக்கும் என்பது பூவா தலையா போடுவதைப் போன்றதே. இடைமறிப்பிலும் பாதி சாமர்த்தியம், பாதி சந்தர்ப்பம்.

இங்கேதான் லவீ ஸ்மித்தின் வழக்கில் எதிர்க்கட்சி வக்கீலுக்கும் ஒரு சான்று கிடைக்கிறது. 2012-இல் பேர்ஸ் எதிரிகளிடமிருந்து பறித்த பந்துகள் 44. அந்த 98 பாயிண்டு வித்தியாசத்தில் ஒரு பங்கு இப்படிப் பறித்ததால் வந்தது, ஆண்டுதோறும் வராது. மறு ஆண்டு புதிய பயிற்சியாளரின் கீழ் பறித்தவை 28-தான். ஆக, பாயிண்டு வித்தியாசமும் கலப்படமற்ற சரக்கு அல்ல. 2011-இல் எடுத்ததைவிடக் கொடுத்தது ஆறு பாயிண்டு அதிகமாக இருந்தும் நியூயார்க் ஜயன்ட்ஸ் மேலே போய், 15 ஜெயம் பெற்ற அந்தப் பாக்கர்ஸை 37-20 என்று வெளியேற்றிச் சாம்பியனாகவே ஆகிவிட்டது. ஆனாலும் மற்றக் கணக்குகளின் கலப்படத்துடன் பார்த்தால் இது பத்தரை மாற்று.

2022-இல் இதே வைகிங்ஸ் 17 ஆட்டங்களில் 13 ஜெயித்தது. எட்டுப் பாயிண்டுக்குள் முடிந்த ஆட்டங்கள் 11; பதினொன்றிலும் ஜெயம்! ஒன்றில் 33-0 என்று பின்தங்கியிருந்து 39-36 என்று மீண்டது. தோற்ற நாலு ஆட்டங்களிலோ செம்மையான உதை. டல்லஸ் கௌபாய்ஸிடம் 40-3. பருவ முடிவில் எடுத்தது 424, கொடுத்தது 427. சூத்திரப்படி இது எட்டு, ஒன்பது ஜெயத்துக்கு உரிய கோஷ்டி. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது கணக்கர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பிளே-ஆப் முதல் ஆட்டத்திலேயே ஜயன்ட்ஸிடம் 31-24 என்று தோல்வி. மறு ஆண்டு 7 ஜெயம், 10 தோல்வி. அந்த மறு ஆண்டில் வீச்சாளர் கர்க் கஸின்ஸ் பாதிப் பருவத்தில் காயமடைந்தார் என்பது வேறு விஷயம்.

கால்பந்து லீகுகள் பலவற்றில் இருவர் சமமாக நின்றால் முதலில் கோல் வித்தியாசத்தைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்க லீகில் பாயிண்டுக் கணக்கு விதிப் பட்டியலின் அடியில் கிடக்கிறது. அதுவரை எட்ட வேண்டிய அவசியமே அபூர்வம். அதை மேலே கொண்டுவந்தால் பலவீனமான எதிரியை ஈவிரக்கமின்றி அடித்து நொறுக்குவார்கள் என்று ஆட்சேபம் சொல்லலாம். சொல்லட்டும். தங்கள் பயிற்சியாளரை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் முதலாளிகளை அந்தப் பட்டியலைப் பார்க்கக் கூடாது என்று எந்த விதியும் தடுக்கவில்லையே!

சிகாகோவில் ஸ்மித்துக்குப் பின் வந்தவர் முதல் ஆண்டு 8 ஜெயம், அடுத்த ஆண்டு 5 ஜெயம் என்று இறங்கி, அவரும் வேலை இழந்தார். 29 கஜ உதையினால் மேலே போன வைகிங்ஸ், பிளே-ஆப் முதல் ஆட்டத்தில் அதே பாக்கர்ஸிடம் 24-10 என்று தோற்றது. மறு ஆண்டு பீட்டர்ஸன் மீண்டும் ஆயிரம் கஜத்துக்கு மேல் ஓடியும் கோஷ்டிக்கு 5 ஜெயம், 10 தோல்வி, ஒன்று சமன். அதன் பயிற்சியாளர் லெஸ்லி பிரேஸியரையும் நீக்கினார்கள். அன்றைய தேதி 2013 டிசம்பர் 30.